முன்பாதி மிதக்கும்

சென்ற வாரம் நிவேதா போன் செய்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களாம்.

"பிரிசி அக்கா, உங்க கேஸைத்தான் மெயின் கேஸா வைக்கிறோம். நீங்களே வந்து அரை மணி நேரம் பேசினா சூப்பரா இருக்கும்."

"எந்தக் கேஸ்?"

"அதான்க்கா, ரெண்டா உடைஞ்சுதே, அந்த டேங்கர். நம்ம டெஸ்க்லயே பெஸ்ட் கேஸ்னு சார் சொல்றாரு."

அடுப்பில் பால் இருந்தது. மகள் என் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்ததில், எழுந்து நின்று அரை மணி நேரம் அதைப் பேச என்னால் முடியாது என்று தெரிந்தது. எழுத முடியுமா என்பதும் சந்தேகம்தான். கல்லூரி முன்னாள் மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி வகுப்புத் தோழி நெடுநாளாகக் கேட்கிறாள். சரி, இதையே எழுதுகிறேன். நிவேதா படித்துக்கொள்ளட்டும்.

முப்பத்து மூன்று வயதில் வேலையை விட்டவள் 'பணி ஓய்வு' என்று சொல்லிக்கொள்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் திரும்பப் போகிற எண்ணம் இல்லாததால் வேறு சொல் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் காரணம் 'குழந்தை வளர்ப்பு' என்று எழுதிக்கொண்டார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் கேட்கவில்லை.

படித்தது கப்பல் கட்டுமானப் பொறியியல். வகுப்பில் நாங்கள் நான்கே பெண்கள். முதல் ஆண்டில் காட்டிய ஒரு புகைப்படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. போர்க்காலத்தில் அவசர அவசரமாகக் கட்டிய எண்ணெய்க் கப்பல் ஒன்று, துறைமுகத்தில், அலையே இல்லாத தண்ணீரில், நடுமுதுகு ஒடிந்து கிடந்தது. அந்தக் காலத்து இரும்பு குளிரில் கண்ணாடி போல நொறுங்கும். தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைக்காமல் ஒரே உடம்பாகப் பற்றவைத்திருந்தார்கள். எங்கோ ஒரு மூலையில் கிளம்பிய விரிசல், நிற்க இடமில்லாமல் கப்பலையே சுற்றி ஓடிவிடும். போர் முடிந்த பிறகும் அந்தக் கப்பல்கள் பல ஆண்டுகள் ஓடின. குளிர்காலப் புயல்களில் சில இரண்டாக உடைந்தன.

தேர்வுக்காக நாங்கள் விரிசலைப் படித்தோம். எனக்கு மனதில் தங்கியது வேறு. அந்தக் கப்பல்களில் கேப்டனும் அதிகாரிகளும் தங்கும் இடம் நடுவில் இருந்தது. எஞ்சின் ஆட்கள் பின்னால். உடையும்போது கேப்டன் முன்பாதியோடு போவார். பின்பாதியில் எஞ்சின் ஓடும், விளக்கு எரியும், சமையலறை அடுப்புகூட எரியும். முன்பாதியில் எதுவும் இருக்காது. உடைந்த பிறகு அது இரண்டு கப்பல், அதில் ஒன்று மட்டும்தான் உயிரோடு இருக்கும். மீட்புப் படகுக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்துப் போய், பின்பாதியிலிருந்து தொங்கும் கயிற்று ஏணியின் கீழே அலை உயரும் கணத்துக்காகக் காத்திருந்து ஆட்களை இறக்கியிருக்கிறார்கள். முன்பாதியில் இருந்தவர்களைப் பற்றி அந்தப் பாடங்களில் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும்.

படிப்பு முடிந்து ஓரிரு வேலைகள் மாறி, இந்த அவசர உதவி டெஸ்க்குக்கு வந்தேன். குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. சாலையில், ஒரு துணிக்கடைக்கு மேல் நான்காவது மாடி. உலகத்தில் எங்கோ ஒரு கப்பல் தரைதட்டினால், மோதினால், ஓட்டை விழுந்தால், அதன் கேப்டன் எங்களுக்கு எழுதுவார். அந்தக் கப்பலின் வரைபடம் முழுவதும் எங்கள் கணினியில் இருக்கும். எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டு வாங்கி, கப்பலின் உடம்பு தாங்குமா, சாயுமா, மிதக்குமா என்று கணக்குப் போட்டு அனுப்புவோம். கடலையே பார்க்காமல் கப்பலைக் காப்பாற்றுகிற வேலை என்று என் கணவர் டேனியல் கேலி செய்வார். எங்கள் ஜன்னலிலிருந்து தெரிந்தது மேம்பாலமும் அதன்மேல் நகராத பேருந்துகளும்தான்.

டெஸ்க்கின் தலைவர் சபாபதி சார். அவரைக் கெட்டவராக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்த மாட்டார். எல்லாரையும் 'அம்மா', 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். வெளியே போகும் ஒவ்வொரு செய்தியையும் முதலில் வாய்விட்டு வாசிப்பார். வாசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எழுத்து மங்கலாகத் தெரிகிற கண்ணுக்கு வார்த்தையின் எடை நன்றாகத் தெரியும் என்பார். 'ஆபத்து' என்று நான் எழுதியிருந்தால் 'கவனத்துக்குரியது' ஆகும். 'உடனே' என்றால் 'இயன்ற விரைவில்'. 'செய்யுங்கள்' என்றால் 'கேப்டன் பரிசீலிக்கலாம்'.

"நாம டாக்டர் இல்லம்மா, லேப். ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னு மட்டும் சொல்லணும். ஊசி போடறது டாக்டர் வேலை."

அவருடைய நிதானத்தால் பிழைத்த கப்பல்கள் உண்டு. ஒருமுறை நிலக்கரிக் கப்பல் ஒன்று மணல்திட்டில் ஏறிவிட்டது. உடனே எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி இழுக்கலாமா என்று கேப்டன் துடித்தார். சார் ஓதம் ஏறும்வரை பொறுக்கச் சொன்னார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு தொட்டியாகக் கணக்கு முடித்தார். நீர் ஏறியபோது கப்பல் தானாகவே நழுவி இறங்கியது. அன்று எல்லாருக்கும் கீழ்க்கடை பாதாம்பால் வாங்கித் தந்தார். "பதட்டப்படாம இருந்தோம் பாத்தியா" என்றார். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அது. அதனால்தான் பிறகு நடந்ததில் அவரை எதிர்த்துப் பேசும்போதெல்லாம் எனக்கே என் மேல் சந்தேகமாக இருந்தது.

அது ஆடி மாதம். கீழே தள்ளுபடி விற்பனை. ஒலிபெருக்கியில் ஒருவன் காலையிலிருந்து மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தான். மகளை சேலையூர் கிரெஷில் விடும்போது நெற்றி லேசாகச் சுட்டது. தொட்டுப் பார்த்தேன், மறுபடி தொட்டுப் பார்த்தேன், விட்டுவிட்டு வந்தேன்.

அரபிக்கடலில் ஒரு பழைய டேங்கரின் கேப்டனிடமிருந்து செய்தி வந்திருந்தது. மேல்தளத்தின் நடுவில் குறுக்காக விரிசல், விடிந்ததும் பார்த்தோம், வளர்கிறது. அது கப்பலின் கடைசிப் பயணம். உடைத்து இரும்பாக விற்பதற்காக மேற்குக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. சரக்கு கிடையாது, கப்பல் நிலையாக நிற்கச் சில தொட்டிகளில் கடல்நீர் மட்டும். இருபத்தாறு வருஷக் கப்பல். ஆனால் எங்கள் கணினியில் இருந்தது அதைப் புதிதாகக் கட்டிய நாளின் உடம்பு. தகடுகள் எவ்வளவு தேய்ந்திருந்தன என்பது பழைய உரிமையாளருக்குத்தான் தெரியும். கேட்டு எழுதினோம், பதில் வரவில்லை. எப்படியும் உடைக்கப் போகிற கப்பல்தானே என்று இருந்திருப்பார்கள்.

காலியான டேங்கரை அலை நடுவில் தூக்கும்போது இரண்டு முனைகளும் தொங்கும், மேல்தளம் இழுபடும். விரிசல் மேல்தளத்தில் இருந்தால் நடுவில் எடை ஏற்ற வேண்டும். இது கல்லூரிப் பாடம்.

"சார், நடுத் தொட்டியில தண்ணி ஏத்தச் சொல்லிடலாம். பம்ப் ரூம் பின்னாடிதான் இருக்கு. யாரும் முன்னாடி போக வேண்டாம்."

"எவ்வளவு ஏத்தணும்?"

"முதல்ல பாதி. அப்புறம் பாத்துக்கலாம் சார்."

"முன் டேங்க்ல ஏற்கெனவே தண்ணி புகுந்திருந்தா? நீ பாதின்னு சொல்லி, அது எதிர்ப்பக்கமா வளைஞ்சு உடைஞ்சா?" சார் கண்ணாடியைத் துடைத்தார். "சவுண்டிங் வாங்கும்மா."

தொட்டியின் குழாய்க்குள் அளவுநாடாவை இறக்கி நீர் மட்டம் பார்ப்பதைத்தான் சவுண்டிங் என்போம். எங்களுக்கு எந்தக் கப்பல் எழுதினாலும் நாங்கள் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கேட்காமல் கணக்கு தொடங்காது. சாதாரணமாக, கப்பலில் தானியங்கிக் கருவியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

"கருவி வேலை செய்யலை சார். விரிசல் விட்டதுல லைன் அறுந்திருக்கு."

"அதனாலதான் கையால எடுக்கச் சொல்றேன்."

"விரிசலைத் தாண்டிப் போகணும் சார், ஆளு."

"போறதா வேண்டாமான்னு கேப்டன் முடிவு பண்ணுவார். நாம கேக்கறோம். அவ்வளவுதான்."

அவர் சொன்னதும் தப்பில்லை. எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் போன் செய்தேன். கேப்டன் வெளிநாட்டுக்காரர். தொட்டி விஷயம் என்றதும் தனக்கு அடுத்த அதிகாரியான சீஃப் ஆபீஸரிடம் கொடுத்தார். என் பெயரைச் சொன்னதும் மறுமுனை தமிழுக்கு மாறியது.

"தமிழா நீங்க? அப்பாடா. நான் அந்தோணி ராஜ், தூத்துக்குடி. ரெண்டு மாசமா இங்கிலீஷ் பேசி நாக்கு சுளுக்கிப் போச்சு. எங்க இருந்து பேசுதீங்க?"

"குரோம்பேட்டை சார்."

"குரோம்பேட்டையில உக்காந்துக்கிட்டா எங்க கப்பலப் பாக்கீங்க?" சிரித்தார். "அது என்ன பின்னாடி ஒருத்தன் தொண்ட கிழியக் கத்துதான்?"

"கீழ துணிக்கடை சார். ஆடித் தள்ளுபடி."

"நல்லவேள, எங்க வீட்டம்மா காதுல விழல."

சவுண்டிங் வேண்டும் என்றேன். சிரிப்பு நின்றது.

"அவசியமா மேடம்? முன்னாடி போறது லேசு இல்ல. தண்ணி மேல ஏறி அடிக்கி."

நான் சாரைப் பார்த்தேன். தலையசைத்தார். "கேக்கறாங்க சார்" என்றேன். யார் கேட்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

"சரி, பம்ப்மேனக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துருதேன்."

போன் திறந்தே இருந்தது. அவர் வாக்கி-டாக்கியில் சொல்வதைக் கேப்டன் எங்களுக்குக் கேட்கும்படி பிடித்திருந்தார். ஒவ்வொரு தொட்டியாக நிதானமாகச் சொன்னார். நான் எண்களை உள்ளிட்டேன். முன்பக்கத்துக் கடைசித் தொட்டி முடிந்து "அவ்வளவுதான், திரும்புதோம்" என்றார். அதற்குள் கேப்டன் கத்தத் தொடங்கினார். முன்பக்கம் போகிறது, முன்பக்கம் போகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கப்பல் உடைந்துவிட்டது. என் திரையில் அது முழுசாக இருந்தது.

பின்பாதியில் கேப்டனோடு பதினேழு பேர். முன்பாதியில் அந்தோணி ராஜும் பம்ப்மேனும். இந்தக் காலத்து டேங்கர்களில் எல்லாரும் பின்னால்தான் தங்குவார்கள். முன்பாதியில் யாருமே இருந்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் கடல்பகுதிக்கான மீட்பு மையத்திலிருந்து அழைத்தார்கள். அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு கன்டெய்னர் கப்பல் உதவிக்குத் திரும்பி வருகிறது, நண்பகலில் சேரும். ஹெலிகாப்டர் எட்டாத தூரம். வருகிற கப்பல் எந்தப் பாதிக்கு முதலில் போக வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும். முன்பாதி எவ்வளவு நேரம் மிதக்கும் என்று எங்களைக் கேட்டார்கள்.

சபாபதி சார் அன்று கணக்குப் போட்ட விதத்தை யாரும் குறை சொல்ல முடியாது. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் கப்பலை எங்கே வெட்டுவது, எந்தக் குறுக்குச் சுவர் தாங்கும், எது தாங்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தோணி ராஜ் எடுத்த அளவுகளை வைத்து, அவர் நின்றுகொண்டிருந்த பாதியை நாங்கள் திரையில் மிதக்கவிட்டோம். மாலைவரை மிதக்கும் என்று வந்தது.

"சார், மிதந்தாலும் முன்பாதிக்குத்தான் முதல்ல போகணும்" என்றேன். "பின்பாதியில எஞ்சின் இருக்கு, கரன்ட் இருக்கு, படகு இருக்கு. அவங்க காத்திருக்கலாம். இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே இல்ல."

"பதினேழு பேரும்மா அங்க."

"பதினேழு பேருக்கும் கதவு சாத்தின ரூம் இருக்கு சார்."

அப்போதுதான் என் போன் அடித்தது. கிரெஷ் ஆயா. அவசரத்தில் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

"மேடம், பாப்பாக்கு ஒடம்பு நெருப்பா கீது. அழுதுகினே கீது, பால் குடிக்கல. வந்து இட்டுனு போறியாம்மா?"

அறையில் எல்லாரும் கேட்டார்கள். கூடுவாஞ்சேரியில் வேலையிலிருந்த டேனியலிடம் மகளை அழைத்துப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். சார் என்னை மிகவும் கனிவாகப் பார்த்தார். அந்தக் கனிவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"நீ வேணா வீட்டுக்குப் போம்மா. குழந்தை ஞாபகத்துல பேசறே. எனக்குப் புரியுது."

"குழந்தைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார்."

"இல்லன்னு நினைப்பே. யார் முதல்லன்னு சொல்றது நம்ம வேலையா? மிதக்குமா மிதக்காதா, அதுதான் கேட்டாங்க."

அந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் சொல்வது பாடத்திலிருந்தா, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையிடமிருந்தா? தாய் என்று ஆகிவிட்ட பிறகு ஒரு பெண் 'இரண்டு பேர் தனியாக இருக்கிறார்கள்' என்று சொன்னால் அது கணக்காக யார் காதிலும் விழுவதில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் காதிலேயே விழுவதில்லை. செய்தியைத் தட்டச்சு செய்தேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தார். முன்பாதி மாலைவரை மிதக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. அனுப்பினோம். மீட்பு மையம் முதலில் பின்பாதி என்று முடிவு செய்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கையில் இருந்ததை வைத்து முடிவு செய்தார்கள்.

இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கிற தூரத்தில்தான் மிதந்தன. வாக்கி-டாக்கியில் குரல் கேட்டது. கேப்டன் மறுபடி போனை அதன் அருகில் வைத்தார்.

"தங்கச்சி, இருக்கீங்களா?" என்றார் அந்தோணி ராஜ். 'மேடம்' போய், 'தங்கச்சி' வந்துவிட்டது. "முன்னாடி ஸ்டோர் ரூமுக்குள்ள வந்து கதவச் சாத்திட்டோம். கயிறும் பெயின்ட் டப்பாவுமாக் கெடக்கு. நனையாம இருக்கோம். பம்ப்மேன் அவன் சாமியக் கூப்புடுதான், நான் என் சாமியக் கூப்புடுதேன். எது முன்ன வருதோ வரட்டும்."

"உள்ளேயே இருங்க அண்ணா. கப்பல் வந்துட்டிருக்கு."

"இருக்கோம், இருக்கோம். எங்க போக?"

நண்பகலுக்குக் கன்டெய்னர் கப்பல் வந்தது. அந்தக் கடலில் பின்பாதியின் பக்கத்தில் ஒட்ட முடியவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, காற்றை மறைத்து நின்று, ஆட்களை ஒவ்வொருவராக இறக்கத் தொடங்கினார்கள். மெதுவாகத்தான் நடந்தது. மீட்பு மையம் மறுபடி கேட்டது: முன்பாதிக் கணக்கில் மாற்றம் உண்டா?

"ரெண்டாவது ரீடிங் வேணும்" என்றார் சார்.

"வேண்டாம் சார். அவங்க உள்ள பத்திரமா இருக்காங்க."

"ஒரே ஒரு ரீடிங்கை வச்சு, தண்ணி ஏறுதா இல்லையான்னு எப்படிச் சொல்றது? தப்பா சொன்னா? அவங்க நல்லதுக்குத்தாம்மா கேக்கறேன்."

நான் போனைத் தரவில்லை. அவர் எழுந்து வந்து, தானே கேப்டனிடம் பேசினார். மரியாதையாக, தெளிவான ஆங்கிலத்தில். இயன்றால் என்றார். பரிசீலிக்கலாம் என்றார். அந்தச் சொற்களெல்லாம் கேப்டன் வாயிலிருந்து வாக்கி-டாக்கிக்குள் போகும்போது உதிர்ந்துவிட்டன. அளவு எடு என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது.

சிறிது நேரம் கழித்து அந்தோணி ராஜின் குரல் வந்தது. காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"இடது பக்கம் ஒரு சாண்தான் ஏறியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. வலதையும் பாத்துட்டுச் சொல்லுதேன்."

வலது பக்க அளவு வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் பதினேழு பேரும் ஏறிவிட்டார்கள். பிறகு கன்டெய்னர் கப்பல் முன்பாதிக்குப் போனது. அது மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் சொன்ன மட்டத்தில், நாங்கள் சொன்ன சாய்வில். ஸ்டோர் அறைக்குள் பம்ப்மேன் உயிரோடு இருந்தார், ஒரு காயமும் இல்லாமல். சீஃப் ஆபீஸர் அளவு எடுக்க வெளியே போனார், ஒரு அலை வந்தது, கதவைத் திறந்து பார்த்தேன், அவர் இல்லை என்றாராம். இரண்டு நாள் தேடினார்கள்.

முன்பாதி அதன் பிறகும் மிதந்தது. மற்றக் கப்பல்களுக்கு இடைஞ்சல் என்று ஓர் இழுவைக் கப்பலை அனுப்பி அதை மூழ்கடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் டெஸ்க்குக்குப் பாராட்டு வந்தது. எங்கள் கணிப்பும் நடந்ததும் ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகளாகப் போடப்பட்டன. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. நிவேதா காட்டப் போவது அதைத்தான். இரண்டாவது ரீடிங் வந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அது என்ன புள்ளி என்று புதிதாக வந்தவர்களுக்கு யாராவது சொல்வார்களா என்று தெரியவில்லை. விசாரணைக்குப் பிறகு எங்கள் வழிமுறையில் ஒரு வரி சேர்த்தார்கள்: சவுண்டிங் எடுக்கச் செல்பவர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்திருப்பதை உறுதிசெய்யவும். அதைத்தான் பாடம் என்றார்கள். முதல் கேள்வி முதல் கேள்வியாகவே இருந்தது.

அந்த ஆண்டு மதிப்பீட்டின்போது சார் என்னிடம், "நல்லா வேலை பண்றே. பதட்டத்தை மட்டும் குறைச்சுக்கோ. குழந்தை வளந்தா சரியாயிடும்" என்றார். உண்மையாகவே என் நல்லதுக்குத்தான் சொன்னார். குழந்தை வளர்வதற்கு முன்பே நான் விலகிவிட்டேன்.

முன்பாதிக்கு முதலில் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொள்கிறேன். சில நாள் காலையில் அதுவும் நிச்சயமில்லை. பின்பாதியில் ஏதாவது ஆகியிருந்தால் பதினேழு பேரின் வீட்டாருக்கும் என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருந்திருக்கும். நான் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. சொன்னதைக் கேட்டுவிட்டு, கணக்காகப் பார்த்துத் தள்ளியிருந்தால் தாங்கியிருப்பேன். காய்ச்சலாகப் பார்த்துத் தள்ளினார்கள்.

வேலையை விட்டு இரண்டு மாதம் இருக்கும். ஒரு முற்பகலில் மாடம்பாக்கம் வீட்டு வாசலில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கினார். என் வயதோ, கொஞ்சம் கூடவோ. கையில் ஒரு துணிப்பை. அந்தோணி ராஜின் மனைவி ஸ்டெல்லா என்று சொல்லிக்கொண்டார். உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்தார். அதற்காகத்தான் சென்னை வந்திருந்தார்.

"அவுக கடைசியாத் தமிழ்ல பேசினது உங்ககிட்டத்தான்னு கேப்டன் சொன்னாரு. ஆபீஸ் நம்பர் அவருதான் குடுத்தாரு, வீட்டு விலாசம் ஆபீஸ்ல வாங்கினேன். போன்ல பேச வேண்டாம்னு நேர வந்தேன்."

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அழவில்லை. என்ன பேசினார் என்று கேட்டார். நாக்குச் சுளுக்கியதைச் சொன்னேன், இரண்டு சாமியைக் கூப்பிட்டதைச் சொன்னேன். லேசாகச் சிரித்தார்.

"அப்படித்தான் பேசுவாக." தம்ளரைக் கீழே வைத்தார். "உள்ள பத்திரமாத்தான இருந்தாக. பொறவு எதுக்கு வெளிய வந்தாக?"

"தண்ணி மட்டம் பாக்க."

"அத மொதல்லயே பாத்தாகளே? அதுக்குத்தான முன்னாடி போனதே?"

"மறுபடி கேட்டாங்க." இந்த முறை அப்படியே விட முடியவில்லை. "மறுபடி கேட்டோம்."

"எதுக்கு?"

"அந்தப் பாதி எவ்வளவு நேரம் மிதக்கும்னு கணக்குப் போட."

"மிதந்துச்சா?"

"மிதந்துச்சு. நாங்க சொன்னதுக்கு மேலேயே மிதந்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்டுக்கொள்வது போல இருந்தது. பிறகு கேட்டார்.

"மிதக்கும்னு அவுககிட்டச் சொன்னீங்களா?"

மீட்பு மையத்துக்குச் சொன்னோம். உரிமையாளருக்குச் சொன்னோம். காப்பீட்டுக்காரர்களுக்கு, கேப்டனுக்குப் பிரதி போனது. ஒவ்வொரு முகவரியாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பாதிமேல் நின்றுகொண்டு, அது காலுக்கடியில் எப்போது போகும் என்று தெரியாமல், எங்களுக்காக அளந்துகொண்டிருந்தவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று சாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"இல்லக்கா" என்றேன். "அவருகிட்ட யாரும் சொல்லல."